கேட்கத் தகுந்த இடம்

2004ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில், பாரதி பிரசாத் என்னும் பெண்மணி போர்ட் பிளேர் நகருக்கு வந்து, விடுதி ஒன்றில் வானொலி நிலையம் அமைத்தார். அவர் ஐதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சார்ந்தவர். ஹாம் வானொலி என்று வழங்கும் இத்துறையில் ஈடுபட்டோர், உலகின் எல்லா மூலைகளிலிருந்தும் ஒருவரோடாவது பேசிவிட வேண்டும் என்னும் ஆவல் கொண்டவர்கள். அந்தமானிலிருந்து அவ்வாறு பேசப் பல ஆண்டுகளாக அனுமதி இல்லாதிருந்தது. ஆகவே வி.யு.4.ஆர்.பி.ஐ. என்னும் அவரது அழைப்புக்குறி வானில் ஒலித்ததும், பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்துக்கொண்டு அவரை அழைத்தனர்.

டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 6.29 மணிக்குச் சுமத்திராவை அடுத்த கடலடியில் நிலம் நடுங்கிற்று. ஆழிப்பேரலை தீவுகளைத் தாக்கியது. தொலைபேசியும் மின்சாரமும் அற்றுப்போயின. பாரதி பிரசாத் தம் வழக்கமான உரையாடலை நிறுத்தினார். அதே கருவியை மீட்புப் பணிக்குத் திருப்பினார். தீவுகளில் சிக்கியோரின் நலச் செய்திகள் அவர் வழியாகப் பெருநிலத்து உறவினரைச் சென்றடைந்தன. முந்தைய நாள் வரை ஒருவர் குரலின்மேல் மற்றொருவர் குரலை ஏற்றிக்கொண்டிருந்த கூட்டம் அலைவரிசையை அவருக்கு ஒழித்துக் கொடுத்தது.

முகம் அறியாதவர்கள் சொன்ன செய்தியை நம்பி எவ்வாறு செயல்பட முடிந்தது? விடை அத்துறையின் ஒழுங்குமுறையில் இருக்கிறது. இந்தியாவில் ஹாம் வானொலியை இயக்க விரும்புவோர் 12 வயது நிறைந்திருக்க வேண்டும். அரசு நடத்தும் தேர்வில் தேறி உரிமம் பெற வேண்டும். பேசும்போது தம் அழைப்புக்குறியைச் சொல்லியாக வேண்டும். பெயர் மறைத்துப் பேச இடமில்லை. உதவிக்குப் பணம் பெறுதல் கூடாது. ஆபத்துச் செய்தி வரும்போது ஏனையோர் வாய் திறத்தல் ஆகாது. செய்தியைப் பெற்றவர், கேட்டது சரிதானா என்று அதைத் திரும்பச் சொல்லிப் பார்ப்பார். புதியவருக்குப் பொறுமையோடு கற்பிக்கும் மூத்தவரை ‘எல்மர்’ என்று அழைப்பது உலகெங்கும் உள்ள ஹாம்களின் வழக்கம். எல்மர் என்னும் பெயருடைய ஓர் அமெரிக்கரின் நினைவாக அச்சொல் வழங்கி வருகிறது. கற்பித்தவரின் பெயரே கற்பிப்போர் அனைவருக்கும் பொதுப்பெயராயிற்று என்பது இனிய செய்தி.

இன்று தீவுகளின் நிலை வேறு. 2020 ஆகஸ்டு 10ஆம் நாள், சென்னையையும் அந்தமான் நிக்கோபார்த் தீவுகளையும் இணைக்கும் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கண்ணாடியிழை வடம் தொடங்கிவைக்கப்பட்டது. அதற்கு முன் செயற்கைக்கோளை நம்பியிருந்த இணையம் மிக மெதுவானது. இப்போது, 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றுள்ள போர்ட் பிளேரில் மட்டுமின்றி, ரங்கத்திலும் கார் நிக்கோபாரிலும் அவ்வடம் கரையேறுகிறது. எனினும் கணினி பழுதானால் உதிரிப்பாகம் பெருநிலத்திலிருந்து வரவேண்டியிருக்கலாம்; சென்னையிலிருந்து வரும் கப்பலோ ஏறத்தாழ மூன்று நாள் கடலில் மிதக்கும். பழுது பார்ப்பவர் பக்கத்துத் தெருவில் இல்லாத ஊரில், இணையமே முதல் மருத்துவர். ஆதலால் யாரிடம் கேட்பது என்னும் கேள்வி பெருநிலத்துப் பிள்ளைகளைவிடத் தீவுப் பிள்ளைகளுக்குக் கூர்மையானது.

ரங்கத்தில் வாழும் ஒரு மாணவியை எண்ணிப் பார்க்கலாம். அவளுடைய மடிக்கணினி இயங்கவில்லை. முன்பின் அறியாத ஒரு குழுவில் கேட்கிறாள். “இது கூடத் தெரியாதா?” என்று ஒருவர் நகைக்கிறார். இன்னொருவர் விளையாட்டாக, கோப்புகளை எல்லாம் அழித்துவிடும் கட்டளை ஒன்றைத் தீர்வு போல எழுதுகிறார். முதலாமவர் அவளது ஊக்கத்தை அழிக்கிறார்; இரண்டாமவர் அவளது உழைப்பை அழிக்கிறார். மூன்றாம் வகையினரும் உண்டு. “தனியாக வாருங்கள், உங்கள் திரையை என்னிடம் ஒப்படையுங்கள், கைப்பேசிக்கு வரும் எண்ணைச் சொல்லுங்கள்” என்று மிக இனிமையாகப் பேசுபவர்கள் அவர்கள். சிடுசிடுப்பவரைவிட இவர்களே கொடியவர்கள். இத்தகையோரிடம் பணம் இழந்தவர் உடனே அழைக்க 1930 என்னும் அரசு உதவி எண் உள்ளது.

கடுமையே அறிவை வளர்க்கும் என்று வாதிடுவோர் தொழில்நுட்ப உலகில் நெடுங்காலம் இருந்தனர். ஆனால் 2018இல் இரு நிகழ்ச்சிகள் நேர்ந்தன. நிரலாளர்கள் வினா எழுப்பும் புகழ்பெற்ற தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, புதியவர்கள் தன்னிடம் வர அஞ்சுகின்றனர் என்று ஏப்ரல் மாதத்தில் தானே ஒப்புக்கொண்டது. லினக்ஸ் உட்கருவைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ், சக பணியாளருக்குத் தாம் எழுதிய சுடுசொற்களுக்காகச் செப்டம்பரில் மன்னிப்புக் கேட்டுச் சில காலம் ஒதுங்கி இருந்தார். கடுஞ்சொல்லைத் தாங்கி வளர்ந்தவர்களைக் கண்டு கடுமையைப் புகழ்வோர், தாங்காமல் ஓசையின்றி விலகியவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆயினும் கண்டிப்பு வேறு, இழிவு வேறு. “எந்தக் கணினி? திரையில் என்ன பிழைச்செய்தி வந்தது? அதற்கு முன் என்ன செய்தீர்கள்?” என்று திருப்பிக் கேட்பவர் முகம் சுளிக்கவில்லை, நோய் நாடுகிறார். விவரம் போதாத கேள்வியை ஏற்க மறுக்கும் இடம் நல்ல இடமாகவே இருக்கலாம். வெறும் “உதவி! உதவி!” என்னும் அழைப்புக்கு எவராலும் விடை கூற இயலாது. மாறாக, எதையும் கேளாமல் உடனே மருந்து எழுதுபவரிடம் ஐயம் கொள்ள வேண்டும். ஒருவர் சொன்ன தீர்வில் பிழை உள்ளது என்று மற்றொருவர் சுட்ட, முன்னவர் அதை ஏற்றுத் திருத்தும் பழக்கம் ஒரு குழுவில் காணப்படுமாயின், அங்கே சில நாள் தங்கலாம். கேட்பதற்கு முன் பழைய வினாவிடைகளைப் படித்தாலே இது புலப்பட்டுவிடும்.

தமிழ் இலக்கணம் வினாவை ஆறு வகையாகப் பகுத்துள்ளது: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. இவற்றுள் தனக்குத் தெரிந்ததையே பிறர்க்குத் தெரியுமா என்று சோதிப்பதற்காகக் கேட்பது அறிவினா. ஆசிரியர் வகுப்பில் அதைக் கேட்கலாம். உதவி நாடி வந்தவரிடம், அவரை நாணச் செய்வதற்காகவே அறிவினாக்களை அடுக்கும் குழுவை விட்டு மாணவி எழுந்து வரலாம். அவள் கேட்டது அறியாவினா. அது இழிவானது என்று எந்த இலக்கண நூலாரும் எழுதவில்லை.

தமிழில் கேட்கவும் படிக்கவும் இடங்கள் உள்ளன. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளில் வாழும் தமிழர்கள் ஊதியமின்றி, பெரும்பாலும் ஒருவரை ஒருவர் நேரில் காணாமலே, பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சுச் செய்தும் பிழை திருத்தியும் இணையத்தில் ஏற்றி வருகின்றனர். ஒருவர் தட்டச்சுச் செய்ததை மற்றொருவர் மெய்ப்புப் பார்ப்பது அங்கே அவமதிப்பு அன்று, அன்றாட வேலை. 2012 ஜனவரியில் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழ், கட்டற்ற மென்பொருள்களைப் பற்றி எளிய தமிழில் கட்டுரைகளும் நூல்களும் வெளியிடுகிறது. அவற்றை எவரும் விலையின்றிப் பெறலாம், பகிரலாம். எழுதியவரின் பெயர் கட்டுரையோடு இருக்கும். ஐயம் எழுந்தால் கேட்கலாம். ரங்கத்து மாணவி தன் கணினியின் பெயர், பிழைச்செய்தி, தான் செய்து பார்த்தவை ஆகியவற்றை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டால், பாதிக் கேள்வி அங்கேயே தெளிந்துவிடும்; மீதிப் பாதியை அவள் தமிழிலேயே கேட்கலாம்.