"இல்லை" என்பதும் ஒரு பதில்தான்

நண்பர்களே, கணினி என்றதும் அது நமக்குச் செய்து தரும் வேலைகள்தாம் நினைவுக்கு வரும். அந்தக் கணினிக்குள் ஒவ்வொரு நொடியும் எத்தனை விண்ணப்பங்கள் போய்வருகின்றன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. "எனக்குக் கொஞ்சம் நினைவகம் வேண்டும்" என்பதே அந்த விண்ணப்பம். இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் ஒரு பகுதி கேட்கும். நினைவகத்தைப் பங்கிடும் பகுதி கொடுக்கும். கொடுக்க இடமில்லாவிட்டால் என்ன ஆகும்?

இறுதியாண்டில் இயங்குதளப் பாடத்திற்காக லினக்ஸ் கெர்னலின் மூல நிரலைப் படிக்கத் தொடங்கியபோது எனக்கு வியப்பாக இருந்தது. பல இடங்களில், கேட்டது கிடைத்தால் செய்ய வேண்டியதற்கு மூன்று வரிதான். கிடைக்காவிட்டால் செய்ய வேண்டியதற்கு ஏழெட்டு வரி. நினைவகம் இல்லையென்றால் கேட்டவருக்கு வெற்று முகவரி திரும்பி வரும். அவர் தம்மை அழைத்தவருக்கு மைனஸ் 12 என்ற எண்ணை அனுப்புவார். 'நினைவகம் இல்லை' என்பதே அதன் பொருள். அனுப்பும் முன் அதுவரை எடுத்ததையெல்லாம் திருப்பித் தர வேண்டும், போட்ட பூட்டுகளைத் திறக்க வேண்டும். அதையும் தலைகீழ் வரிசையில் செய்ய வேண்டும். திருவிழாப் பந்தலைப் பிரிப்பவர்கள் கடைசியாகக் கட்டியதைத்தானே முதலில் அவிழ்ப்பார்கள்? ஒரு முடிச்சு விட்டுப்போனால் நினைவகம் கசியும். ஒரு பூட்டு திறக்கப்படாமல் போனால் அதற்காகக் காத்திருக்கும் எல்லாமே நின்றுவிடும்.

2014ஆம் ஆண்டின் இறுதியில் லினக்ஸ் நிரலர்களிடையே ஒரு பெரிய விவாதம் எழுந்தது. ஜப்பானைச் சேர்ந்த டெட்சுவோ ஹண்டா என்பவர் ஒரு சிக்கலைச் சுட்டிக்காட்டினார். எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை ஒரு பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நினைவகம் கேட்கிறது. நினைவகம் தீர்ந்துவிட்டதால், ஒரு நிரலைக் கொன்று இடம் பிடிக்கக் கெர்னல் முடிவெடுக்கிறது. கொல்லத் தேர்ந்தெடுத்த நிரலோ அதே பூட்டுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. பூட்டு கிடைக்காமல் அது சாகாது. அது சாகாமல் நினைவகம் கிடைக்காது. நினைவகம் கிடைக்காமல் பூட்டு திறக்காது. ஆக, எல்லாம் உறைந்துவிடும்.

இதற்கு வேர் எங்கே இருந்தது? 8 பக்கங்களுக்கு, அதாவது 32 கிலோபைட்டுக்கு, மேற்படாத சாதாரண விண்ணப்பங்களுக்குக் கெர்னல் 'இல்லை' என்று சொல்வதே அரிது. கிடைக்கும்வரை முயன்றுகொண்டே இருக்கும். கோப்பு முறைமைகளை எழுதுபவர்களுக்கே இது அதிர்ச்சியாக இருந்தது. பயன்படாது என்று தெரியாமலேயே தோல்விக்கான வரிகளை அவர்கள் கவனமாக எழுதி வைத்திருந்தார்கள். சரி, இனி மறுத்துவிடலாம் என்றால் அதற்கும் அச்சம். ஒருநாளும் ஓடாத அந்த வரிகளில் எத்தனை பிழைகள் ஒளிந்திருக்கின்றனவோ!

இந்த விவாதத்தைப் படித்தபோது எங்கள் வீடு என் கண்முன் வந்தது. நான் குனோங் ராபாட்காரன். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. மூன்றாண்டுகளுக்கு முன் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது பதிவுக்கும் மடிக்கணினிக்கும் பணம் தேவைப்பட்டது. அம்மா முதலில் அத்தையைக் கேட்டார். "அண்ணி, இப்ப கையில இல்ல. வேற இடம் பாருங்க," என்று அத்தை அன்றே சொல்லிவிட்டார். பிறகு அம்மா தாம் வேலை செய்யும் பிஸ்கட் தொழிற்சாலையில் முன்பணம் கேட்டார். "பார்க்கலாம்" என்றார்கள். அடுத்த வாரமும் "பார்க்கலாம்"தான். அப்பா தம் சங்கத்தில் கடன் கேட்டிருக்கலாம். அம்மாவுக்குக் கிடைத்துவிடும் என்று அவர் காத்திருந்தார். அம்மா முதலாளிக்காகக் காத்திருந்தார். சங்கத்தின் கடனுக்கு விண்ணப்பிக்கும் நாளும் கடந்துபோனது. கடைசியில், தோட்டத்தில் பால்மரம் வெட்டிச் சேர்த்த காசில் பாட்டி வாங்கிய சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. அது திரும்பி வரவில்லை.

அத்தை பணம் தரவில்லை. ஆனாலும் அவர் மேல் அம்மாவுக்கு வருத்தம் இல்லை. அவர் சொன்ன 'இல்லை' எங்களுக்கு ஒரு நாளைக்கூட வீணாக்கவில்லை. 'பார்க்கலாம்' என்ற சொல்தான் இரண்டு வாரங்களைத் தின்றது.

லினக்ஸ் நிரலர்கள் இதற்குக் கண்ட வழி எனக்குப் பிடித்திருக்கிறது. கேட்பவரே தம் நிலையைத் தெளிவாகச் சொல்லிக் கேட்க வேண்டும் என்றார்கள். 'லேசாக முயன்று பார், இல்லையென்றால் உடனே சொல்' என்பது ஒரு வகை. 'எனக்கு மாற்றுவழியே இல்லை, கிடைக்கும்வரை காத்திருப்பேன்' என்பது இன்னொரு வகை. இவை இரண்டும் முன்பே இருந்தன. 2017இல் வந்த 4.13 பதிப்பில் இடைப்பட்ட வகை ஒன்றும் சேர்ந்தது: 'நன்றாக முயன்று பார்; முடியாவிட்டால் சொல், நான் வேறு வழி பார்த்துக்கொள்கிறேன்.' 2023இல் வந்த 6.5 பதிப்பிலிருந்து, பாதியில் வெளியேறினாலும் எடுத்ததைத் தானே திருப்பித் தரும் வசதியும் உண்டு. முடிச்சுகளை ஒவ்வொன்றாகக் கையால் அவிழ்க்கும் வேலை குறைகிறது. படிப்பவருக்கும் நிரல் தெளிவாகிறது. வேண்டுமென்றே விண்ணப்பத்தை மறுத்து, தோல்விக்கான வரிகள் சரியாக ஓடுகின்றனவா என்று சோதிக்கும் வசதியோ 2007 முதலே இருக்கிறது. வெள்ளம் வருமுன் அணை போடுவது என்பது இதுதான்.

நண்பர்களே, நம்மவர்களுக்கு முகத்துக்கு நேரே 'இல்லை' என்று சொல்ல வாய் வருவதில்லை. அது மரியாதைக் குறைவு என்று எண்ணுகிறோம். நிகழ்ச்சிகளுக்கு நன்கொடை கேட்டுப் படியேறிய உங்களில் பலர் இந்தப் 'பார்க்கலாம்' என்ற பதிலைக் கேட்டிருப்பீர்கள். நாளை நாமும் கொடுக்கும் இடத்தில் அமர்வோம். தம்பி தங்கைகள் நம்மிடம் வந்து கேட்பார்கள். இருந்தால் கொடுப்போம். இல்லையென்றால் அன்றைக்கே சொல்லிவிடுவோம். வேறு கதவைத் தட்ட அவர்களுக்கு நேரமாவது மிஞ்சட்டும்.