டப்... டுப்... ரிச்சி தெரு!

"யாருங்க அது, என்னைக் கேக்காம கடுகு தாளிக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே ஹாலுக்கு வந்தாள் என் மனைவி.

யாரும் தாளிக்கவில்லை. பட்... படபட... டப்! பொரிந்துகொண்டிருந்தது என் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்.

வேறு நாளாக இருந்தால் அதன் மண்டையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் படுக்கப் போயிருப்பேன் (ரேடியோ காலம் தொட்டு நம் வீடுகளில் அதுதானே முதலுதவி!). ஆனால் அன்று ஓடியது சினிமாப் பாட்டு இல்லை. என் அப்பாவின் குரல்.

1989-ல் துபாயில் இருந்த சித்தப்பாவுக்கு அப்பா ஒரு கேசட்டில் பேசி அனுப்பினார். ஐ.எஸ்.டி. பேசினால் சம்பளத்தில் துண்டு விழும் காலம். அதனால் டூ-இன்-ஒன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மாடு கன்று போட்டது முதல் மாமா சண்டை போட்டது வரை பேசி, துபாய் போகிற யாரிடமாவது கேசட்டைக் கொடுத்தனுப்புவார்கள். சித்தப்பா ஊர் திரும்பும்போது அதைப் பத்திரமாகக் கொண்டுவந்தார். அப்பா 2003-ல் போய்விட்டார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு எண்பதாவது பிறந்த நாள். கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி அம்மாவுக்குப் போட்டுக் காட்டுவதாகத் திட்டம். நாடா ஏற்கெனவே ஓரிடத்தில் கசங்கியிருக்கிறது. இன்னும் எத்தனை தடவை ஓடுமோ! இந்த லட்சணத்தில், அப்பா நாலு வார்த்தை பேசினால் ஸ்பீக்கர் ரெண்டு வார்த்தை பேசுகிறது. சத்தம் ஸ்பீக்கரில் இருக்கிறதா, கம்ப்யூட்டரில் இருக்கிறதா, இல்லை, கேசட்டிலேயே ஏறிவிட்டதா? தெரியவில்லை.

சனிக்கிழமை காலை, இரண்டு ஸ்பீக்கர்களையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, நங்கநல்லூர் ரோடு ஸ்டேஷனில் மெட்ரோ ஏறினேன். செக்யூரிட்டி அம்மா பைக்குள் பார்த்துவிட்டு, "ரிச்சி ஸ்ட்ரீட்டா சார்?" என்றார். முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது போல!

அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கி, மவுண்ட் ரோட்டின் அந்தப் பக்கம் போய்ச் சந்துக்குள் திரும்பினால்... அதுதான்! டெல்லிக்கு நேரு பிளேஸ், மும்பைக்கு லேமிங்டன் ரோடு, பெங்களூருக்கு எஸ்.பி. ரோடு என்றால் சென்னைக்கு ரிச்சி தெரு. பேருக்குத்தான் ஒரு தெரு. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடு எல்லாம் சேர்ந்து கிளை பரப்பிக் கிடக்கிறது. ஒரு பைக் போகிற இடத்தில் ஒரு பைக், ஒரு மீன்பாடி வண்டி, எட்டு அட்டைப்பெட்டி, ஒரு டீ டிரே, நான்.

"சார் என்ன வேணும்? லேப்டாப்பா, சிசிடிவியா, டெம்பர் கிளாஸா?" வரிசையாக அழைப்பு. கல்யாண வீட்டு வாசலில்கூட என்னை இப்படி யாரும் வரவேற்றதில்லை.

முதல் கடைக்காரர் பையைத் திறக்கவே விடவில்லை. "பழசா? தூக்கிப் போடுங்க சார். புதுசு இருக்கு, புளூடூத்!" இரண்டாவது கடையில், "கேபிள் மாத்துங்க, சரியாயிடும்" என்று தங்க முலாம் பூசிய கேபிள் ஒன்றைக் காட்டினார்கள். என் ஸ்பீக்கரை விட அதன் விலை ஜாஸ்தி. மூன்றாவது கடையில் ஒரு பையன் இரக்கப்பட்டு, "மாடிப்படிக்குக் கீழே பாய் ஒருத்தர் இருக்காரு, அவரைப் பாருங்க" என்றான்.

மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை, ஒரு பல்பு, ஈயம் உருகும் வாசனை. எல்லாவற்றுக்கும் நடுவே மூக்குக் கண்ணாடியோடு பாய். ஸ்பீக்கரை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. முதல் கேள்வியே, "சத்தம் எப்ப வருது?"

"எப்பவும் வருது பாய்."

"எப்பவும் வந்தா அது வியாதி இல்லை தம்பி, குணம். நல்லா யோசிச்சுச் சொல்லு. ஸ்விட்ச் போடும்போதா, குமிழைத் திருகும்போதா, வீட்ல ஃபிரிட்ஜ் ஓட ஆரம்பிக்கும்போதா?"

எனக்கு டாக்டர் முன்னால் நாக்கை நீட்டி உட்கார்ந்த மாதிரி இருந்தது. அடுத்த அரை மணி நேரம் பாய் சொன்னதை அப்படியே உங்களுக்குத் தருகிறேன். பீஸ் கிடையாது!

கம்ப்யூட்டரை ஆன் பண்ணும்போதோ ஆஃப் பண்ணும்போதோ மட்டும் ஒரு 'தொப்' வந்தால் அது ரிப்பேரே இல்லை. உள்ளே மின்சாரம் நிலைக்கு வரும்போது எழும் குலுக்கல் அது. கம்ப்யூட்டரை முதலில் போட்டு ஸ்பீக்கரைக் கடைசியில் போட வேண்டும். அணைக்கும்போது ஸ்பீக்கரை முதலில் அணைக்க வேண்டும். "வர்றப்ப கடைசி, போறப்ப முதல். ஆபீஸ்ல மேனேஜர் மாதிரி!" என்றார் பாய்.

வால்யூம் குமிழைத் திருகும்போது 'கரகர' என்றால் உள்ளே தூசி. எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரைக் கொஞ்சம் அடித்து, குமிழை இருபது தடவை இப்படியும் அப்படியும் திருகினால் போதும்.

கொஞ்ச நேரம் அமைதியாக இருந்துவிட்டு, பாட்டு தொடங்கும் நொடியில் மட்டும் 'டிக்' என்றால், கம்ப்யூட்டரின் ஒலிப் பகுதி மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் குட்டித் தூக்கம் போட்டு எழுந்திருக்கிறது என்று அர்த்தம். அதன் செட்டிங்கில் போய்த் தூக்கத்தைக் கலைக்க வேண்டும்.

பாட்டு ஓடும்போதே இடையில் படபடவென்று வெட்டினால், கம்ப்யூட்டருக்குத் தலைக்கு மேல் வேலை. ஒலியைத் துண்டு துண்டாக முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டுதான் அது பரிமாறுகிறது. பந்தியில் சோறு வருவதற்குள் இலை காலியானால் என்ன ஆகும்? அதே கதைதான். ஒலிப்பதிவு செய்யும்போது இது நடந்தால் விடுபட்டது விடுபட்டதுதான். மற்றதையெல்லாம் மூடிவிட்டுப் பதிவு செய்ய வேண்டும்.

செல்போனைப் பக்கத்தில் வைக்கக் கூடாது. கம்ப்யூட்டரும் ஸ்பீக்கரும் வெவ்வேறு பிளக்கில் இருந்தால் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் வரலாம். எர்த் சரியாக உள்ள ஒரே ஜங்ஷன் பாக்ஸில் இரண்டையும் செருகினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

"ஃபிரிட்ஜ் ஓட ஆரம்பிக்கிறப்பதான் பாய் நிறைய வருது" என்றேன். அப்போதுதான் ஸ்பீக்கரைத் திறந்தார். மொச்சைக்கொட்டை மாதிரி தலை உப்பிய ஒரு கெபாசிட்டர். கரெண்டில் வரும் குலுக்கலை வடிகட்ட வேண்டியது அது. அது படுத்துவிட்டதால் ஃபிரிட்ஜ் தும்மினால்கூட ஸ்பீக்கருக்கு ஜலதோஷம். (வீட்டில் நீங்களே திறந்து பார்க்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் கரெண்ட் தங்கியிருக்கும்.) பழசைப் பிடுங்கிப் புதுசைப் பற்றவைத்தார். இருநூறு ரூபாய்.

கேசட் சமாச்சாரத்தையும் சொன்னேன். பாய் கண்ணாடியைக் கழற்றினார். "இப்ப ஏத்தினதை ரெண்டு தடவை ஹெட்போன்ல கேளு. சத்தம் எடம் மாறி எடம் வந்தா அது மெஷின்ல. ரெண்டு தடவையும் ஒரே எடத்துல வந்தா பதிவுலயே இருக்கு. பதிவுல இருக்கிறதை அவசரப்பட்டு அழிச்சுடாதே."

வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜை வேறு பிளக்குக்கு மாற்றினேன். செல்போனைச் சமையலறைக்கு நாடு கடத்தினேன். கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் மூடிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கேசட்டை ஒரே ஒரு தடவை ஓட்டிப் பதிவு செய்தேன். நாடா அறுந்துவிடாமல் கடைசி வரை வந்தது. புண்ணியம்!

ஹெட்போனில் கேட்டேன். துடைத்து வைத்த மாதிரி அப்பாவின் குரல். ஒரே ஒரு இடத்தில் மட்டும் 'டப்'. மறுபடி கேட்டேன். அதே இடத்தில் 'டப்'. பதிவிலேயே இருக்கிறது. அந்த மாதிரி சத்தத்தை மட்டும் கத்தரித்து எடுக்கக் கம்ப்யூட்டரில் வசதி இருக்கிறது. செய்யலாம் என்று உட்கார்ந்தேன். பாய் சொன்னது ஞாபகம் வந்தது. சரி, அம்மா கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. பேரன் பேத்திகள் சுற்றி உட்கார, ஸ்பீக்கரைக் கடைசியில் ஆன் பண்ணினேன். "தம்பி, சௌக்கியமா..." என்று அப்பா ஆரம்பித்தார். அம்மா அசையவில்லை. இரண்டு நிமிஷம் போயிருக்கும். "அடியே, இந்த ஃபேன் சத்தத்துல நான் பேசறது அவனுக்குக் கேக்காது, அதை நிறுத்து" என்றார் அப்பா. அடுத்து, 'டப்'.

"அடடா, அந்த ஒரு சத்தம் மட்டும் போகலைம்மா. எடுத்துடறேன்" என்றேன்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதை எடுக்காதேடா. கும்பகோணம் வீட்டு ஹால்ல கறுப்புக் குமிழ் ஸ்விட்ச் இருந்துச்சே, அந்தச் சத்தம். எழுந்து போய் நான்தான் அணைச்சேன்."

பிறகு சொன்னாள்: "கொஞ்சம் பின்னாடி போய், அந்த எடத்தை மறுபடி போடு."