ஈ, தா, கொடு

ஜப்பானிய பாஷை படிக்கத் தொடங்கிய நமக்கு, ஒருவரிடம் ஒன்றை வேண்டிக் கேட்பதுதான் பெரும்பாடாயிற்று. எழுதுவதைக் குறிக்கும் 'காக்கு', 'காயித்தே' ஆகிறது. படிப்பதற்குரிய 'யோமு', 'யோண்டே' ஆகிறது. ஈற்றுக்கு ஈறு ஒரு விகாரம்! 'எழுதி', 'படித்து' என்னும் நம் வினையெச்சம் போன்றதே இது என்று கண்ட பிறகுதான் மூச்சு வந்தது. அதன் பின்னே தருதலைக் குறிக்கும் சொல் சேரும்: நெருங்கியவரிடம் 'காயித்தே குரே', மதிப்புக்குரியவரிடம் 'காயித்தே குடசாய்'. இன்னும் பணிவு வேண்டுமெனில் 'காயித்தே இதடக்கேமசேன் கா'. தாங்கள் எழுதித் தர, யாம் பெறலாகாதோ என்பது போல. மறுப்பவருக்கும் அதில் வழியுண்டு.

கேட்பவன் தாழ்ந்தவனாயின் 'ஈ', ஒத்தவனாயின் 'தா', உயர்ந்தவனாயின் 'கொடு' என்று தொல்காப்பியர் வகுத்ததும் இத்தகையதே அன்றோ! அவர்கள் அதைக் கடைவீதியில் பேசுகிறார்கள். நாமோ சூத்திரத்தில் பத்திரமாய் வைத்துவிட்டு, யாரிடமும் 'கொடுங்கள்' என்றே கை நீட்டுகிறோம்.