மதம்: நூடுல்ஸ்

2001-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'உங்கள் மதம் என்ன?' என்று ஒரு கேள்வி இருந்தது. விருப்பப்பட்டால் பதில் சொல்லலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். அதற்கு 3,90,127 பேர் சொன்ன பதில்: ஜெடாய். ஆமாம், ஸ்டார் வார்ஸ் படத்தில் ஒளிவாளைச் சுழற்றுவார்களே, அந்த ஜெடாயேதான் :-)

இத்தனைக்கும் அதே படிவத்தில் 'மதம் எதுவும் இல்லை' என்று தனியாக ஒரு கட்டம் இருந்தது. ஒரு டிக் அடித்தால் வேலை முடிந்தது. அதை விட்டுவிட்டு மெனக்கெட்டு ஜெடாய் என்று எழுதுவானேன்? மின்னஞ்சலில் சுற்றிய சங்கிலிக் கடிதத்தைப் பார்த்துச் செய்தவர்கள் உண்டு, அரசாங்கத்தைச் சீண்டுவதற்காகச் செய்தவர்களும் உண்டு. ஆனால் நம்பிக்கையும் இல்லாமல், விளையாட்டுப் புத்தியும் விடாமல் இருக்கிற ஆளுக்கு வேறு ஒரு காரணமும் இருக்கிறது. 'இல்லை' என்பது அவருக்கு ஒரு அடையாளமாகவே படுவதில்லை. 'நான் கிரிக்கெட் ஆடாதவன்' என்று யாராவது தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வார்களா?

இப்படிப்பட்டவர்களுக்காகவே அளவெடுத்துத் தைத்ததுபோல 2005-இல் வந்து சேர்ந்தது பறக்கும் ஸ்பகெட்டி பூதம். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலக் கல்வி வாரியம், அறிவியல் வகுப்பில் பரிணாமத்தோடு 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்ற கருத்துக்கும் இடம் கொடுக்கலாமா என்று விவாதித்துக்கொண்டிருந்தது. இயற்பியல் படித்த பாபி ஹென்டர்சன் என்ற இளைஞர் வாரியத்துக்கு ஒரு கடிதம் போட்டார். உலகத்தைப் படைத்தது நூடுல்ஸ் கைகள் கொண்ட ஒரு பூதம் என்பது தம் நம்பிக்கை, அதற்கும் வகுப்பில் சம நேரம் ஒதுக்க வேண்டும் என்று பவ்யமாகக் கேட்டிருந்தார். கடற்கொள்ளையர்கள் குறையக் குறைய பூமி சூடாகிறது என்று ஒரு வரைபடம் வேறு! இரண்டு விஷயங்கள் சேர்ந்து நடப்பதால் மட்டும் ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது என்பதை இதைவிட நன்றாக எந்தப் பாடப்புத்தகமும் சொல்லியிருக்காது. பின்னால் பக்தர்களும் சேர்ந்தார்கள். அவர்கள் பிரார்த்தனை 'ஆமென்' என்று முடியாது, 'ராமென்' என்றுதான் முடியும்.

அந்தக் கடிதத்தின் பலமே கடைசி வரை சிரிக்காமல் இருப்பதுதான். 'சும்மா தமாஷ்' என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அத்தோடு காலி.

சரி, மேடையில் போட்ட வேஷத்தோடு அரசாங்க ஆபீசுக்கும் போனால்? ஆஸ்திரியாவின் நிகோ ஆல்ம் போனார். தன்னை நாத்திகர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்பவர். மதக் காரணம் இருந்தால்தான் தலையை மூடிப் படம் எடுக்கலாம் என்ற விதி அவரை உறுத்தியது. நூடுல்ஸ் வடிகட்டும் ஓட்டைக் கிண்ணத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓட்டுநர் உரிமத்துக்குப் படம் கொடுத்தார். மனநிலை சரியாகத்தான் இருக்கிறது என்று டாக்டர் சான்றிதழ் கேட்டார்கள். அதையும் கொடுத்தார். மூன்று வருஷ இழுபறிக்குப் பின் 2011-இல் கிண்ணத்தோடு உரிமம் கைக்கு வந்தது. ஆனால் போலீஸ் சொன்ன விளக்கம்: முகம் முழுதாகத் தெரிகிறது, அதனால் கொடுத்தோம். மதத்துக்காக அல்ல! ஜெயித்தாரா தோற்றாரா என்று அவரவர் முடிவு செய்துகொள்ளலாம்.

நெதர்லாந்தில் ஒரு சட்ட மாணவிக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. அடையாள அட்டைப் படத்துக்குக் கிண்ணம் அணிய உரிமை கேட்டு வழக்குப் போட்டார். 2018-இல் அந்நாட்டின் அரசு கவுன்சில், இதில் நையாண்டிதான் தூக்கலாக இருக்கிறது, ஒரு மதத்துக்கு வேண்டிய தீவிரமும் ஒத்திசைவும் இல்லை என்று சொல்லிவிட்டது. 2021-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் மனுவை ஏற்கவில்லை.

இங்கேதான் விஷயம் கனக்கிறது. 'நீ நிஜமாகவே நம்புகிறாயா?' என்று கோர்ட் கேட்கிறது. ஆமாம் என்று சத்தியம் செய்தால் வேடிக்கை செத்துப்போகிறது. இல்லை என்றால் வழக்கு போகிறது. எதையும் அளவுக்கு மீறி முக்கியமாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பதுதான் ஒருவருடைய ஆழமான கொள்கை என்றால், அதை எந்த முகபாவத்தோடு நிரூபிப்பது? நீதிபதிகள் பக்கமும் நியாயம் இருக்கிறது. தலைப்பாகையும் முக்காடும் உயிர்மூச்சாக இருப்பவர்களுக்கான சலுகை அது. யார் எதைக் கவிழ்த்துக்கொண்டு வந்தாலும் சரி என்றால் விதியே வேண்டாம். ஆனால் ஒத்திசைவு இருக்கிறதா என்ற பரீட்சையைப் பழைய மதங்கள் எழுதியதில்லை. புதிதாக வருபவருக்கு மட்டும்தான் கேள்வித்தாள்.

விளையாட்டுக்கு ஒரு விலையும் உண்டு. இங்கிலாந்தில் ஜெடாய்களை 'மதம் இல்லை' கணக்கில்தான் சேர்த்தார்கள். ஆஸ்திரேலியாவில் அப்படி இல்லை. 2001-இல் அங்கே ஜெடாய் என்று எழுதிய 70,000-க்கும் மேற்பட்டவர்கள் 'வரையறுக்கப்படாதவை'யில் போய் விழுந்தார்கள். மதமற்றவர்களின் எண்ணிக்கை அந்த அளவுக்குக் குறைந்தது. 2016 கணக்கெடுப்புக்கு முன் அந்நாட்டு நாத்திகர் அமைப்பே, தயவுசெய்து ஜெடாய் என்று எழுதாதீர்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. கேலி செய்கிறவரைக் கெஞ்சுவது மதவாதிகள் அல்ல, சொந்தக் கட்சிக்காரர்கள்!

நியூசிலாந்து மட்டும் வம்பே வேண்டாம் என்று 2015-இல் ஸ்பகெட்டி பூதத்தின் சபைக்குத் திருமணம் நடத்தி வைக்கும் அனுமதியைக் கொடுத்துவிட்டது. 2016 ஏப்ரலில் அகரோவாவில், ஒரு படகில், கடற்கொள்ளையர் வேஷத்தில் முதல் கல்யாணம். வேஷத்தைக் கரையேறியதும் கழற்றிவிடலாம். கல்யாணம் மட்டும் சட்டப்படி செல்லும். நாளைக்குப் பிரிய வேண்டும் என்று தோன்றினால் நிஜக் கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும், ராமென்.