கண்ணாடி தேய்க்கிறவர்கள்

இலங்கையில் நட்சத்திரம் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குப் போயா விடுமுறையால் ஒரு பிரயோசனமும் இல்லை. நாடே ஓய்வெடுக்கும் அந்த இரவில் முழுநிலா வந்து நிற்கும். பால்வீதி இருந்த இடம் தெரியாது. சரி, நிலாவையாவது பார்ப்போம் என்றால், பௌர்ணமி நிலா தொலைகாட்டிக்கு ஆகாது. வெயில் நேரே விழுவதால் அங்குள்ள பள்ளங்களுக்கு நிழல் கிடையாது, எல்லாம் தட்டையாகத்தான் தெரியும். அதனால் வான்நோக்குக் குழுக்கள் அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமையைத் தேடிப் பிடிக்கின்றன. மலைநாட்டில் அதுவும் போதாது. நக்கிள்ஸ் மலைகள் இரண்டு பருவமழையையும் வாங்குகிறவை. பெப்ரவரி, மார்ச் மாதங்களில்தான் வானம் கொஞ்சம் வழிவிடும்.

அப்படிப்பட்ட ஒரு பெப்ரவரிச் சனிக்கிழமை கண்டியிலிருந்து மஹியங்கனை பஸ்ஸில் ஏறினேன். திகன, தெல்தெனிய கடந்து, விக்டோரியா நீர்த்தேக்கத்தைக் கீழே விட்டுவிட்டு வண்டி மலையேறுகிறது. ஹுன்னஸ்கிரிய சந்தியில் என்னோடு இறங்கிய இளைஞர் கூட்டம் முதுகுப் பைகளுடன் மீமுரே பாதையில் வாகனம் பிடிக்கப் போய்விட்டது. என்னை அழைத்திருந்தவர் ஓய்வுபெற்ற ஒரு கணித ஆசிரியர். ஊரில் எல்லாருக்கும் அவர் ‘சேர்’தான்; நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன். அவரோடு சில ஆசிரியர்கள், ஒரு தச்சர், ஒரு வெல்டிங் கடைக்காரர், பல்கலைக்கழக மாணவர்கள் மூன்று நான்கு பேர். பெயர்ப்பலகையோ அலுவலகமோ இல்லாத குழு. சம்பளம் வாங்குகிறவர் யாரும் இல்லை.

இந்த நாட்டில் வான்நோக்கு புதிய பழக்கம் ஒன்றுமல்ல. இலங்கை வானியல் சங்கம் 1959இல் தொடங்கியது. கொழும்பில் கோள்மண்டலம் 1965இல் திறக்கப்பட்டது. கட்டுபெத்தையில் ஆர்தர் சி. கிளார்க் பெயரிலான நிறுவனத்தில், ஜப்பான் நன்கொடையாகத் தந்த 45 சென்டிமீட்டர் தொலைகாட்டி இருக்கிறது. ஆனால் கோள்மண்டலமும் அந்தத் தொலைகாட்டியும் கொழும்பை அண்டியே இருக்கின்றன. தோட்டப் பாடசாலைப் பிள்ளைகள் அங்கே போய்வருவதென்றால் விடியுமுன் பஸ் எடுக்க வேண்டும். போய்ச் சேர்ந்ததும் பார்ப்பது கூரையில் விழும் வானம். ஹுன்னஸ்கிரியவில் வானம் தலைக்கு மேலேயே கிடக்கிறது, கருவிதான் இல்லை. அந்தக் கருவியைச் செய்கிற இடத்தைப் பார்க்கத்தான் நான் போனேன்.

சேரின் வீட்டுப் பின்விறாந்தை நடுவே மண் நிரப்பிய தார்ப் பீப்பாய் ஒன்று. அதன்மேல் பலகை. பலகையில் மூன்று மரக்கட்டைகள் இறுக்கிப் பிடித்த வட்டக் கண்ணாடி. அதன்மேல் அதே அளவில் இன்னொன்று, 6 அங்குல விட்டம். இரண்டுக்கும் இடையில் காபரண்டம் தூளும் தண்ணீரும். பதினோராம் தர மாணவி ஒருத்தி மேல் கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தாள். ஐந்தாறு தள்ளலுக்கு ஒருமுறை கண்ணாடியைக் கொஞ்சம் திருப்புவாள். பிறகு தானே ஓர் அடி நகர்ந்து பீப்பாயைச் சுற்றுவாள். தூள் புதிதாக இருக்கும்போது கரகரவென்று பல்லைக் கூசவைக்கும் சத்தம். தூள் உடைந்து நைய நையச் சத்தம் தணியும். அது அடங்கியதும் துடைத்துவிட்டு மறுபடி ஒரு சிட்டிகை போட வேண்டும். கடிகாரம் பார்க்கத் தேவையில்லை, காது சொல்லிவிடும்.

தட்டையான இரண்டு கண்ணாடியை உரசினால் ஏன் மேலே உள்ளது மட்டும் குழிகிறது என்று கேட்டேன். சேர் பதில் சொல்லவில்லை, மாணவியைப் பார்த்தார். அவள் மேல் கண்ணாடியைப் பாதி வெளியே தள்ளி நிறுத்திக் காட்டினாள். “இப்ப பாருங்க அங்கிள், மேல உள்ளதோட நடுப்பகுதி கீழ உள்ளதோட ஓரத்துல அழுத்துது. அதனால இதுல நடு தேயும், அதுல ஓரம் தேயும்.” அவ்வளவுதான் இரகசியம். எந்தப் பக்கமாகத் தள்ளினாலும், சுற்றிக்கொண்டே இருந்தால், பிழைகள் ஒன்றையொன்று அழித்து ஒரு கோளத்தின் துண்டுதான் மிஞ்சும்.

எவ்வளவு குழிய வேண்டும் என்பதுதான் என்னை வியக்கவைத்தது. 1.2 மீட்டர் தூரத்தில் ஒளியைக் குவிக்க, நடுவில் வேண்டிய ஆழம் ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர். அதை முரட்டுத் தூள் சில நாளில் தோண்டிவிடும். மீதி வாரங்கள் முழுக்க அந்தப் பள்ளத்தை வழவழப்பாக்கவே போகின்றன: 80ஆம் இலக்கத் தூள், 120, 220, 400, 600 என்று படிப்படியாக. இலக்கம் ஏற ஏறத் தூள் நுண்மையாகும். ஒவ்வொரு படி மாறும்போதும் பீப்பாய், பலகை, வாளி, நகக்கண் எல்லாம் கழுவ வேண்டும். உடுத்த சட்டைகூட மாற வேண்டும். முந்தைய தூளில் ஒரே ஒரு மணி தங்கினாலும் போதும். மாணவியின் கண்ணாடியில் 400ஆம் தூளில் வந்த கீறல் ஒன்று ஓரத்திலிருந்து உள்ளே ஓடியிருந்தது. அதைப் போக்க அவள் திரும்ப 220க்கு இறங்கியிருக்கிறாள். முகத்தில் கோபம் இருந்தது, கை நிற்கவில்லை.

தேய்ப்பு முடிந்த கண்ணாடி பால் நிறத்தில் மங்கலாக இருக்கும். அதை மினுக்குவது வேறு கலை. பிட்ச் என்று இவர்கள் சொல்லும் கீலை உருக்கிக் கீழ்க் கண்ணாடிமேல் ஊற்றி, ஆறுமுன் சதுரம் சதுரமாக வாய்க்கால் வெட்டுகிறார்கள். அதன்மேல் சீரியம் ஒட்சைட்டுக் குழம்பு. கண்டி வெயிலுக்குச் சரியாக இருந்த கீல், இங்கே மாலைக் குளிரில் கல்லாகிவிடுமாம். சேர் பெருவிரல் நகத்தை அதில் அழுத்தி, விழுந்த தடத்தைப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் டர்பன்டைன் விடணும்” என்றார்.

இருட்டியதும் சோதனை. 1858இல் பிரெஞ்சுக்காரர் ஃபூக்கோ வகுத்த முறையை இவர்கள் ஒரு சவர பிளேட்டையும் ஊசித்துளை விளக்கையும் வைத்துச் செய்கிறார்கள். துளையிலிருந்து போகும் ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பிக் குவியும் இடத்தில் பிளேட்டின் கூரிய ஓரத்தை மெல்ல நுழைத்தால், கண்ணாடியின் முகத்தில் நிழல் மேடுபள்ளமாக எழும். அந்த மேடுகளின் உண்மையான உயரம் தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் இருந்தாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. நான் நம்பாமல் நின்றதைக் கவனித்த சேர், தன் பெருவிரலைக் கண்ணாடியில் சில விநாடி வைத்து எடுத்தார். விரல் பட்ட இடத்தில் ஒரு குன்று எழும்பி நின்றது. உடம்புச் சூட்டில் கண்ணாடி வீங்கியிருக்கிறது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்லத் தணிந்து மறைந்தது.

கடைசி வேலையான அலுமினியப் பூச்சுக்கு வெற்றிட அறை வேண்டும், விறாந்தையில் முடியாது. யாராவது இந்தியாவுக்குப் போய்வரும்போது கையோடு கொடுத்தனுப்புகிறார்களாம். விமான நிலையத்தில் இதற்கு விளக்கம் சொல்வது தேய்ப்பதைவிடச் சிரமம் என்றார் தச்சர். தொலைகாட்டியின் உடம்பு அவர் பொறுப்பு: நீர்க்குழாய், பிளைவுட் பெட்டி, யாரோ சமையலறை கட்டியபோது மிஞ்சிய ஃபோமைக்காத் துண்டு, வழுக்குவதற்கு டெஃப்லோன் கட்டைகள். விரலால் தள்ளினால் நகரும், விட்டால் நிற்கும்.

இந்தத் தாங்கிக்கு டொப்சோனியன் என்று பெயர். ஜோன் டொப்சன் 1915இல் பீக்கிங்கில் பிறந்தவர், இரசாயனம் படித்தவர். 1944இல் சான் பிரான்சிஸ்கோவில் வேதாந்த மடத்தில் சேர்ந்தார். நம் விபுலாநந்தர் துறவு பூண்ட அதே இராமகிருஷ்ண சங்கத்தின் கிளைதான் அது. மடத்துக்குள் இருந்துகொண்டே பழைய கப்பல் யன்னல் கண்ணாடியைத் தேய்த்துத் தொலைகாட்டி செய்தார்; தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுச் சனியைக் காட்டினார். 1967இல் மடம் அவரை வெளியே அனுப்பியது. மறு ஆண்டே ‘நடைபாதை வானியலாளர்’ என்ற அமைப்பு அவரைச் சுற்றி உருவானது. காப்புரிமை எதுவும் கேட்காமல் 2014இல் காலமானார். உலகில் பொதுமக்களுக்கு வானம் காட்டுகிற அமைப்புகளில் அவருக்குக் கடன்படாதது அரிது.

விறாந்தையின் மறுகோடியில் மூன்று வெளிநாட்டுத் தொலைகாட்டிகள் பெட்டியோடு கிடந்தன. பாடசாலைகளுக்கு நன்கொடையாக வந்து, பழுதுபார்க்க இங்கே வந்தவை. ஒன்றின் வில்லையில் பூஞ்சணம் வேர்விட்டிருந்தது. மலைநாட்டு ஈரத்தில் மூடிய அலுமாரிக்குள் வைத்தால் அப்படித்தான் ஆகும். இன்னொன்றுக்குக் கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸ் காணோம். மூன்றாவதன் பெட்டியில் 525 மடங்கு பெரிதாகத் தெரியும் என்று அச்சடித்திருக்கிறது. 60 மில்லிமீட்டர் வில்லைக்கு 120 மடங்கே அதிகம். அதற்குமேல் போனால் தெரிவது பெரிய மங்கல். கொடுக்கிறவர்களைக் குறை சொல்ல மனமில்லை. ஆனால் நாடா வெட்டுவதற்குக் கிடைக்கிற பணம், நாலாம் வருடத்தில் ஒரு திருகாணி வாங்கக் கிடைப்பதில்லை. தான் தேய்த்த கண்ணாடியை எப்படிக் கழற்றித் துடைப்பது என்று அந்த மாணவிக்குத் தெரியும். அலுமாரிச் சாவி வைத்திருப்பவருக்கு அது தெரியாது.

இரவு ஏழரைக்குத் தோட்டப் பாடசாலை மைதானத்தில் இரண்டு டொப்சோனியன்கள் நின்றன. லயத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். டோர்ச்சுகளுக்குச் சிவப்புச் செலோபேன் சுற்றப்பட்டிருந்தது. கண் இருளுக்குப் பழக இருபது நிமிடத்துக்கு மேலாகும், ஒரு வெள்ளை வெளிச்சம் அதை ஒரே நொடியில் கெடுத்துவிடும். மேற்கே கண்டிப் பக்கத்து வெளிச்சம் மலைவிளிம்பில் அழுக்காகப் படர்ந்திருந்தது. மற்ற மூன்று திசையும் கருப்பு. தெற்கே அகத்தியர் நட்சத்திரம் 30 பாகை உயரத்தில். இந்த அட்சக்கோட்டில் துருவ நட்சத்திரம் 7 பாகைதான் ஏறும், வடக்கு மலை அதை மறைத்துவிடுகிறது. ஈடாகத் தெற்கு வானம் முழுக்கக் கிடைக்கிறது. பதினொரு மணிக்குமேல் எழுகிற ஒமேகா சென்டோரி கொத்தை இலண்டன்காரர் தம் ஊரில் நின்று ஒருநாளும் பார்க்க முடியாது.

ஒரு பையன் ஓரியன் வான்முகிலைப் பார்த்துவிட்டு, புத்தகத்தில் சிவப்பாக இருந்ததே என்று முறைப்பாடு செய்தான். மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது, கமரா ஒளியைச் சேர்த்துவைத்து நிறம் காட்டுகிறது என்று ஒரு மாணவத் தொண்டர் சிங்களமும் தமிழும் கலந்து விளக்கினார். பையனுக்குத் திருப்தி இல்லை. எனக்கு அவன் அதிருப்தி பிடித்திருந்தது.

பிறகு கம்பளியைத் தலையில் போட்டிருந்த ஒரு பாட்டி வந்தார். கொழுந்து பறித்து ஓய்ந்தவர். கார்த்திகைக் கூட்டத்தைக் காட்டினார்கள். வெறுங்கண்ணால் ஆறு எண்ணிவிட்டுத்தான் ஐபீஸில் கண்ணை வைத்தார். வைத்த கண்ணை நீண்ட நேரம் எடுக்கவில்லை, வரிசை முணுமுணுத்தது.

“ஆறு பேருன்னுதானே சொன்னாங்க. மத்தவங்க யாரு தம்பி?”

“கூடப் பொறந்தவங்க பாட்டி. எல்லாருமே ஒரே மேகத்துல பொறந்தது.”

“அப்ப அவங்களும் முருகனுக்குப் பால் குடுத்தாங்களா?”

தொண்டர் சேரைப் பார்த்தார். சேர் வேறெங்கோ பார்த்தார். அந்த மேகம் பற்றிய பதில் விஞ்ஞானப்படி சரியானது. மற்றதற்குப் பாடவிதானத்தில் இடமில்லை.

பொழுதுபோக்கு என்று இதைத் தள்ளிவிடுகிறவர்களுக்கு மைதான ஓரத்தில் ஒரு பதில் இருந்தது. பல்கலைக்கழக மாணவர் ஒருவர் கதிரையில் சாய்ந்து, தொலைகாட்டி ஏதுமின்றி, திருவாதிரையையும் ரோகிணியையும் மாறி மாறிப் பார்த்து எது எவ்வளவு பிரகாசம் என்று கொப்பியில் குறித்துக்கொண்டிருந்தார். 2020 பெப்ரவரியில் திருவாதிரை என்றுமில்லாத அளவு மங்கியபோது அதன் சரிவைப் பதிவு செய்தவர்களில் இப்படிப்பட்ட ஆர்வலர்கள் ஏராளம். அந்த நட்சத்திரமே கக்கிய தூசு மறைத்ததுதான் காரணம் என்று பின்னர் தெரிந்தது. மாறொளிர் விண்மீன்களுக்கான அமெரிக்க அவதானிப்பாளர் சங்கம் 1911 முதல் உலகம் முழுவதிலிருந்தும் இக்குறிப்புகளை வாங்கிச் சேர்க்கிறது. இலாப நோக்கற்ற சங்கம். ஆனால் பெரிய ஆய்வகங்கள் அதன் தரவுகளைக் கேட்டு வாங்குகின்றன. நம்மவர்களும் இதில் பின்தங்கியவர்கள் அல்லர். சென்னை வானாய்வுக்கூடத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒரு மாறொளிர் விண்மீனைக் கண்டுபிடித்தார். 1874இல் வெள்ளி சூரியனைக் கடப்பதை எளிய மக்களுக்கு விளக்கப் பல மொழிகளில் சிறுநூலும் போட்டார். ஆய்வும் பொதுக் கல்வியும் அவரிடம் ஒரே கையில் இருந்தன.

பத்தரைக்கு ஐபீஸ்களில் பனி பிடித்தது. வெல்டிங் கடைக்காரர் தலைமுடி உலர்த்தியை நீட்டு வயரில் மாட்டி ஊதினார். அதற்கான மின்சாரத்தையும் இனிப்பில்லாத பிளேன்டீயையும் பாடசாலை கொடுத்தது.

பொருட்களை ஏற்றும்போது பக்கத்துத் தோட்டத்துப் பாடசாலை அதிபர் சேரிடம் வந்தார். தொலைகாட்டி ஒன்றைத் தங்களுக்குத் தர முடியுமா, பரிசளிப்பு விழாவில் அமைச்சரைக் கொண்டே வாங்கலாம் என்றார்.

“தாறதுக்கு இல்ல, சேர். கண்ணாடித் தட்டு இருக்கு. லீவுக்கு ரெண்டு பிள்ளைகள அனுப்புங்க. கூட ஒரு டீச்சரும் வரணும்.”

“டீச்சர் எதுக்கு?”

“பிள்ளைங்க பாஸ் பண்ணிப் போயிருவாங்க. டீச்சர் இருப்பாங்கல்ல.”

“எங்க பக்கம் டீச்சருங்கதான் சேர் முதல்ல டிரான்ஸ்பர் வாங்குறது.”

சேர் கொஞ்சம் யோசித்தார். “அப்ப ரெண்டு டீச்சரா அனுப்புங்க” என்றார்.