துண்டில் இருக்கும் இரண்டு பெயர்கள்

கண்டி ஆஸ்பத்திரியில் கிளினிக் முடிந்ததும் கூட்டம் எங்கள் பாமசிக்கு வரும். கலஹா, தெல்தோட்டைப் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் புறப்பட்டவர்களே அதிகம். மருந்துத் துண்டை நீட்டி விலை கேட்பார்கள். சொன்னதும் அடுத்த கேள்வி வரும்: “இதே மருந்து குறைஞ்ச வெலையில இருக்குதுங்களா ஐயா?”

அதற்குப் பதில் சொல்வதுதான் என் தொழில். டொக்டரின் கையெழுத்தை வாசிப்பது பாதி வேலை. கம்பனி வைத்த பெயருக்குள் ஒளிந்திருக்கும் மருந்தின் பெயரை வாசிப்பது மீதி. பிரஷருக்கான லொசார்டன் எத்தனையோ பெயர்களில், எத்தனையோ விலைகளில் என் அலுமாரியில் இருக்கிறது.

இந்த இரண்டாவது வாசிப்பை நாட்டுக்கே கற்றுக்கொடுத்தவர் பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாக இருந்த சேனக பிபிலே. மருந்தைப் பொதுப்பெயரில் எழுதுங்கள், அரசே கேள்விப்பத்திரம் கோரி மலிவாக வாங்கட்டும் என்றார். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்தது அப்படித்தான்.

ஆனால் கம்பனியின் கையில் இரண்டு உரிமைகள் உண்டு. பெயருக்கான வியாபாரக் குறியைப் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். மருந்துக்கான ஆக்கவுரிமை, அதாவது பேட்டன்ட், 20 ஆண்டுகளில் முடிந்துவிடும். முதலாவதை என் போன்றவன் கவுன்டரில் நின்றே தாண்டிவிடுவான். வேறு பெயரில் அதே மருந்தை எடுத்துக் கொடுத்தால் போதும். ஆக்கவுரிமை உயிரோடு இருக்கும் மருந்தில் அது நடக்காது. எடுத்துக் கொடுக்க அலுமாரியில் வேறு பெட்டியே இருக்காது.

இந்தியா 1970ஆம் ஆண்டுச் சட்டத்தால் மருந்துப் பொருளுக்கு ஆக்கவுரிமை மறுத்தது. அங்கே வளர்ந்த தொழிற்சாலைகளின் மாத்திரைகள்தான் எங்கள் அலுமாரியையும் நிரப்பின. உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தத்துக்காக 2005இல் அந்தக் கதவு ஒடுங்கியது.

அதற்கு முன்பே, 2003இல், இங்கே புதிய புலமைச் சொத்துச் சட்டமூலம் வந்தது. அந்த ஒப்பந்தமே ஏழை நாடுகளுக்கு விட்டுவைத்த வழிகள் அதில் சரியாக இல்லை. வேறு நாட்டில் மலிவாக விற்கும் அதே மருந்தை இறக்குவது ஒன்று. உரிமையாளரின் சம்மதமில்லாமலே தயாரிக்க அரசு கட்டாய உரிமம் கொடுப்பது இன்னொன்று. நம் நாட்டில் சட்டமூலம் சட்டமாகிவிட்டால் எந்த நீதிமன்றமும் அதைத் தள்ளுபடி செய்ய முடியாது. பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் வந்தபின் கேள்வி கேட்க அன்று கிடைத்த அவகாசம் ஒரே ஒரு வாரம். அந்த வாரத்துக்குள் சிலர் உயர் நீதிமன்றம் போனார்கள். சமமில்லாதவர்களைச் சமமாக நடத்துவதும் சமத்துவத்துக்கு முரண் என்று நீதிமன்றம் சொன்னது. திருத்தங்களோடுதான் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது.

அந்த வாரம் நானும் இதே கவுன்டரில்தான் நின்றேன். எனக்கு எதுவும் தெரியாது. என் அலுமாரியைப் பற்றிய வழக்கு அது என்பதைப் பல வருடங்கள் கழித்தே அறிந்தேன்.

அதன்பின் மருந்து சம்பந்தமான சட்டமூலம் எது வந்தாலும் தேடி வாசிக்கிறேன். சட்டத் தமிழ் சில டொக்டர்களின் கையெழுத்தைவிடக் கடினம். என்றாலும், தெல்தோட்டை அம்மா கேட்கும் அந்தக் கேள்விக்கு, “இருக்குதம்மா” என்று நான் சொல்ல அதில் இடம் விட்டிருக்கிறார்களா என்று வரிவரியாகத் தேடுகிறேன்.