சமைக்கும் கை பழகாமல் சாப்பாடு மாறாது

புத்தளம் கரையில் வீட்டுச் சாப்பாட்டை உள்ளூர்ப் பொருளுக்குத் திருப்ப நினைக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் கடைச் சிட்டையிலிருந்தே தொடங்குகின்றன. கோதுமை மாவை நிறுத்துவோம், மைசூர்ப் பருப்பைக் குறைப்போம், பால்மா வேண்டாம் என்று முடிவெடுக்கிறார்கள். சில மாதங்களில் பாண் மறுபடி மேசைக்கு வந்துவிடுகிறது. மனவுறுதி போதவில்லை என்று அவர்கள் தங்களையே நொந்துகொள்வதைக் காண வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் குறை அங்கே இல்லை. சமையலைத் தொழிலறிவாகக் கருதுகிற ஒருத்தியாக நான் சொல்ல விரும்புவது இதுதான்: உள்ளூர் உணவு கைப்பழக்கத்தால் மட்டுமே வீட்டில் நிலைக்கும். எதை வாங்குவது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வரும்.

இதற்குச் சான்று நம் நாட்டிலேயே இருக்கிறது. 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுக்கிப் பிடிக்கப்பட்டபோது பாணுக்கு மக்கள் வரிசையில் நின்றார்கள். மரவள்ளியும் வத்தாளங்கிழங்கும் சோற்றின் இடத்துக்கு வந்தன. யாழ்ப்பாணத்தில் மிளகாயும் வெங்காயமும் பயிரிட்டவர்கள் தலைநிமிர்ந்த காலமும் அதுதான். 1977க்குப் பின் சந்தை திறந்ததும் மரவள்ளி பஞ்சகாலத்தின் அடையாளமாகிப் பின்னுக்குப் போயிற்று. அதன்பின் 2022இல் டொலர் தீர்ந்து, எரிவாயுச் சிலிண்டருக்காகத் தெருவில் காத்துக் கிடந்தோம். அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. முற்றங்களில் கீரைப் பாத்தி போட்டோம், விறகடுப்பு மூட்டினோம். விலை ஏறுவது நின்றதும் பல பாத்திகள் புல் மண்டிப் போயின. இரண்டு தடவையும் இல்லாமைதான் நம்மை உள்ளூர் உணவுக்குத் தள்ளியது. அவித்த மரவள்ளியைச் சகித்துக்கொள்ளப் பழகினோமே தவிர, அதை விரும்பிக் கேட்கும்படி சமைக்கப் பழகவில்லை. சகித்துக்கொண்ட உணவை, வேறு வழி கிடைத்த அன்றே நாக்கு உதறிவிடும்.

கைப்பழக்கம் என்றால் என்ன என்பதை நம் கரையின் மூன்று பொருள்களை வைத்தே விளக்கலாம்: உப்பு, மீன், தேங்காய். பாத்தியிலிருந்து புதிதாக வாரிய உப்பில் மக்னீசியம் மிகுதி. அது கசக்கும், காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். அதனால்தான் உப்பைக் குவித்து மாதக்கணக்கில் விட்டு, அந்தக் கசப்பு நீரை வடியவிடுகிறார்கள். இந்த ஒரு செய்தி தெரியாமல் புது உப்பில் கருவாடு போட்டால் கருவாடும் கசந்து, மழைக்காலத்தில் பிசுபிசுத்துப் பூஞ்சை பிடிக்கும். பழியை மீன் சுமக்கும். மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு பழைய உப்பு, குடலும் செவுளும் நீக்கிய வயிறு, இரத்தம் போகக் கழுவிய முள்ளோரம், மணலில் பரப்பாமல் பரண் கட்டி மேலும் கீழும் காற்று படும்படி உலர்த்துதல் ஆகியவை சரியாக அமைந்தால் சூடை மீனும் கீரி மீனும் மாதக்கணக்கில் நிற்கும். நம் கடல் ஆண்டு முழுதும் ஒரே மாதிரி கொடுப்பதில்லை. ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் காற்றில் கடல் கொந்தளிக்கும். மீனவர் பலர் கிழக்குக் கரைக்கு வாடி போட்டுப் போவார்கள். ஒக்டோபரிலிருந்து கடல் அடங்கும்போது மீன் மலியும். மலிந்த மாதத்து மீனைக் காற்று மாதத்துக்குக் கொண்டுபோகத் தெரியாத வீடு, கடலைப் பார்த்துக்கொண்டே இறக்குமதி நெத்தலிக்கும் தகர மீனுக்கும் காசு கொடுக்கும்.

தேங்காயும் அப்படித்தான். குருநாகல், கம்பஹாவோடு சேர்ந்து தென்னை முக்கோணமாக நிற்கும் மாவட்டம் இது. தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கும் லுணுவில இங்கேதான். பாளை வெடித்ததிலிருந்து காய் முற்றப் பதினொரு, பன்னிரண்டு மாதமாகும் என்பதால், இன்று பொய்த்த மழை விலையாக நம்மிடம் வர நாளெடுக்கும். 2024 முடிவில் தொடங்கிய தேங்காய்த் தட்டுப்பாடு அதை எல்லோருக்கும் காட்டியது. காய் அரிதாகும்போது மாப்பாலுக்குத் தாவுவதற்கு முன் பிழியும் முறையைப் பார்க்க வேண்டும். தேங்காய்ப் பூவை இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்து மூன்று தடவை பிழிந்து, முதற்பாலைக் கடைசியில் சேர்த்தால் ஒரு காய் இரண்டு கறிக்குக் காணும். மா விடயத்திலும் கைதான் தீர்மானிக்கிறது. கோதுமை மாவுக்கு இழுபடும் தன்மை இயல்பிலேயே உண்டு, அதனால் எவர் கைக்கும் அது இணங்கும். அரிசி மாவும் குரக்கன் மாவும் அப்படி இணங்குவதில்லை. வறுவலின் பதமும் நீரின் சூடும் தப்பினால் இடியப்பம் அறுந்துவிடும், பிட்டு கட்டியாகும். பாண் வென்றதற்கு ருசியைவிட இந்த எளிமையே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

கரையில் நெல் எங்கே விளைகிறது, எல்லாம் உள்ளூர் என்பது நடக்கிற காரியமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மணல் நிலத்தில் நெல் விளையாது. அரிசி பெரும்பாலும் உள்நாட்டுக் குளங்களின் பக்கமிருந்து வந்தது. கண்டி இராச்சியத்துக்கு உப்பும் கருவாடும் புத்தளம் வழியாகப் போயின. அந்த வழியை அடைக்கத்தான் ஒல்லாந்தர் கற்பிட்டியில் கோட்டை கட்டிக் காவல் இருந்தார்கள். ஆகவே உள்ளூர் என்ற சொல்லுக்குள் கொடுக்கல் வாங்கலும் அடக்கம். நம்மிடம் மலிவதைக் கெடாமல் வைத்து, இல்லாததைப் பக்கத்து மண்ணிலிருந்து வாங்கினாலே போதும்.

இன்னும் கனமான ஆட்சேபம் நலம் பற்றியது. பக்கத்தில் விளைந்தது என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது. கற்பிட்டியின் மணலுக்கடியில் நன்னீர் மெல்லிய வில்லையாக உப்புநீர் மேல் மிதக்கிறது; தோட்டங்களில் அளவில்லாமல் கொட்டிய உரத்தின் நைத்திரேற்று கிணறுகளில் இறங்கியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அங்கே விளையும் வெங்காயத்தை வாங்கும்போது எவ்வளவு உரம் போட்டீர்கள் என்று கேட்கும் உரிமை, தூரத்துப் பொருளை வாங்குபவருக்குக் கிடைக்காது. அந்த உரிமையைப் பயன்படுத்த வேண்டும். உரத்தை ஒரே நாளில் வெட்டுவதும் வழியல்ல என்பதை 2021இல் அறிவித்து அதே ஆண்டு நவம்பரில் கைவிட்ட இரசாயன உர இறக்குமதித் தடை காட்டியது. கருவாட்டின் உப்பு இரத்த அழுத்தக்காரருக்கு ஆகாது என்பதும் உண்மை. இரண்டு தண்ணீர் மாற்றி ஊறவைத்து, முருங்கைக்காயோடோ கத்தரிக்காயோடோ மணத்துக்காகச் சிறு துண்டு சேர்ப்பதே சரி. மருத்துவர் விலக்கியவருக்கு அதுவும் வேண்டாம். அன்றாடக் கறிக்கு அயடின் சேர்த்த உப்பையே பாவிக்க வேண்டும்.

கடைசி ஆட்சேபத்தை மழுப்ப எனக்கு மனமில்லை. இவ்வளவு வேலையும் பெண்ணின் தோளில்தானே விழும் என்கிறார்கள். ஆம், பெரும்பாலும் அப்படித்தான் விழுகிறது. தேங்காய் துருவவும் மா இடிக்கவும் மீன் கழுவவும் ஒருத்தி மட்டும் விடியுமுன் எழும்ப வேண்டுமென்றால் அந்த வீட்டில் பாண் வாங்குவதே நீதி. துருவலையில் மகனும் அமரட்டும், மீனைத் தகப்பன் கீறட்டும். பல கைக்குப் பழகிய வேலைதான் ஒருத்தி நோயில் படுத்தாலும் நிற்காது.

சாப்பாடு முழுவதையும் ஒரே கிழமையில் மாற்ற முயல வேண்டாம். கடல் அடங்கி மீன் மலியும்போது மூன்று கிலோ கீரியும் ஒரு கிலோ பழைய உப்பும் வாங்குங்கள். வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து கீறுங்கள்.